நான்கு சாட்சிகள் எங்கே?

சலாலாவில் என் வகுப்புக்கு வந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்றுதான் பாடத்திட்டக் குறிப்பில் எழுதியிருந்தது. பலருக்கு அது மூன்றாம் மொழி. ஓமானின் தெற்குக் கோடியில், ஏமன் எல்லையை ஒட்டியிருக்கும் தோஃபார் மாகாணம் அது. மலையில் வாழும் குலத்தார் ஜிப்பாலி பேசுகிறார்கள். ஷஹ்ரி என்றும் அதைச் சொல்வதுண்டு. பாலைவனப் பக்கம் போனால் மஹ்ரி. இரண்டும் அரபிக்கு உறவான செமிட்டிக் மொழிகள்தாம். ஆனாலும் அரபி மட்டுமே தெரிந்த மஸ்கட்காரருக்கு அவை பிடிபடாது. அவற்றை எழுதும் பழக்கமும் இல்லை. வீட்டில் ஜிப்பாலி, கடைவீதியில் தோஃபாரி அரபி, பள்ளிக்கூடத்தில் இலக்கண அரபி, இவ்வளவையும் தாண்டி வந்து என் வகுப்பில் ஷேக்ஸ்பியர்.

1970இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது ஓமான் முழுவதற்கும் முறையான பள்ளிகள் மூன்றே இருந்தன. நான் கற்பித்த தலைமுறையின் பாட்டிமார்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். ஆனால் அவர்கள் பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள். ஒட்டகத்தின் மேல் போகும்போது ஒரு பாட்டு, கல்யாணத்துக்கு ஒரு பாட்டு, எதிராளியைச் சொல்லால் மடக்க ஒரு பாட்டு. யார் எப்போது பாடிய அடி நன்றாக இருந்தது, எது சப்பென்று இருந்தது என்று பத்து வருடம் கழித்தும் வீட்டில் பேசிக்கொள்வார்கள். அந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளைத்தான் இலக்கியப் பின்னணி இல்லாதவர்கள் என்று துறைக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் எகிப்து, சூடான், ஜோர்டான், பிரிட்டன், இந்தியா எனப் பல நாட்டுக்காரர்கள் இருந்தோம். புகார்கள் மட்டும் எல்லோருக்கும் பொது. அடிப்படை ஆங்கிலம் போதாது, முழு நாவலைப் படிப்பதில்லை, எதையும் மனப்பாடம் செய்கிறார்கள், எதற்கெடுத்தாலும் மார்க்கத்தை இழுக்கிறார்கள். முதல் இரண்டும் உண்மையான சிக்கல்கள். அடுத்த இரண்டையும் குறை என்று நான் ஒப்புக்கொண்டதே இல்லை. மனப்பாடமும் மார்க்கச் சட்டமும் அவர்கள் கையோடு கொண்டுவந்த முதல். அதை வாசலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வா என்றால் எந்தப் பிள்ளையும் ஊமையாகத்தான் உட்காரும்.

மொழிச் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். அரபியில் குற்றுயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை. மெய்களைப் பார்த்து, வாக்கியத்தின் போக்கைக் கொண்டு, உயிரொலியை வாசிப்பவர்தான் இட்டு நிரப்ப வேண்டும். அப்படிப் பழகிய கண் ஆங்கிலப் பக்கத்தில் விழும்போது மெய்களைப் பிடித்துக்கொண்டு உயிர்களை விட்டுவிடுகிறது. பிட்டர், பெட்டர், பட்டர் மூன்றும் ஒரே சொல்லாகத் தெரியும். உரைநடையில் சமாளித்துவிடலாம். கவிதையில் உயிர் போனால் எதுகை போச்சு, ஓசை போச்சு. அதனால் என் வகுப்பில் கவிதையை யாரும் மௌனமாக வாசித்ததில்லை. முதலில் நான் சொல்வேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், காதில் நின்ற பிறகுதான் தாளைக் கொடுப்பேன். 'அவர் ஆசிரியர்' என்று நாம் வினைச்சொல் இல்லாமல் சொல்வதுபோலத்தான் அரபியிலும் சொல்கிறார்கள். ஆகவே ஆங்கிலக் கட்டுரையில் அந்த ஒற்றைச் சொல் காணாமல்போவதன் காரணம் தமிழ் பேசும் ஆசிரியைக்கு விளங்கும். ஆங்கிலத்தின் p-யையும் b-யையும் மாற்றிப்போடுவதும் நமக்குப் புதிதில்லை.

மனப்பாடத்துக்கு வருகிறேன். குர்ஆனை முழுவதும் ஓதத் தெரிந்த பிள்ளைகள் வகுப்புக்கு ஓரிருவராவது இருப்பார்கள். எந்த எழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டும், எங்கே மூச்சு நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்று சிறுவயதிலிருந்து பயிற்சி பெற்ற நாக்கு அவர்களுடையது. அப்படி ஒரு பையன், ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று எழுந்து போகிறவன், பிளேக்கின் 'தி டைகர்' கவிதையை மனனம் செய்துவந்து சொன்னான். 1794இல் அச்சான கவிதை. அவன் சொன்னபோது அதன் கேள்விகள் ஒவ்வொன்றும் தனித்து நின்றன. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே அவன் விட்ட இடைவெளி, அந்தக் கவிதையைப் பல வருடம் பாடம் நடத்தியும் என் காதில் விழாத ஒன்று. ஏன் அங்கே நிறுத்தினாய் என்றேன். "பதில் இல்லாத கேள்வி, தக்தூரா. பதிலுக்கு இடம் விட வேண்டும்" என்றான். தக்தூரா என்றால் அரபியில் பெண் முனைவர்; என்னை அப்படித்தான் அழைப்பார்கள். திறனாய்வுக் கட்டுரை இதைத்தான் பத்து பக்கத்தில் எழுதும்.

யாப்பு வகுப்பு என்றால் எனக்குத் தனி உற்சாகம். ஆங்கிலத்தின் அயாம்பிக் பென்டாமீட்டரை வரையறை சொல்லி நடத்தினால் உலகத்தில் எந்த ஊர் மாணவருக்கும் தூக்கம் வரும். அரபி யாப்பை முதலில் வகுத்தவர் 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் இப்னு அஹ்மத். முதல் அரபி அகராதியும் அவர் தொகுத்ததுதான். அவரை ஓமானியர்கள் தங்கள் மண்ணின் பிள்ளை என்றே கொண்டாடுகிறார்கள். அவர் கண்ட சந்தங்கள் பதினைந்து, பின்னால் வந்தவர் சேர்த்தது ஒன்று, ஆகப் பதினாறு. மேல்நிலைப் பள்ளியிலேயே இவற்றை அலகிட்டுப் பழகியிருந்தார்கள். 'ஃபஊலுன் மஃபாஈலுன்' என்று சொல்லச் சொல்ல, வாய்பாடே அந்தச் சந்தமாக ஒலிக்கும். நான் பலகையில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று எழுதி வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். எங்கள் மொழியிலும் வாய்பாட்டின் பெயரே அதன் ஓசை என்றேன். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆங்கிலத்துக்கு ஏன் அப்படி ஒரு வாய்பாடு இல்லை என்று கேட்டார்கள். நீங்களே செய்யுங்கள் என்றேன். மெலிந்து தொடங்கி அழுத்தி முடியும் ஓர் அசைக்கூட்டம் வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒருத்தி 'ஆமாம்' என்பதற்கான அரபிச் சொல்லைச் சொன்னாள்: நஅம். ஐந்து முறை சேர்த்துச் சொன்னால் ஒரு ஷேக்ஸ்பியர் அடி. நஅம் நஅம் நஅம் நஅம் நஅம் என்று மேசையைத் தட்டிக்கொண்டு மொத்த வகுப்பும் சொன்னபோது பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து பார்த்தார். அதற்குப் பிறகு எந்த அடியைக் கொடுத்தாலும் அழுத்தம் எங்கே பிறழ்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்தார்கள். பிறழும் இடத்தில்தான் கவிஞன் ஏதோ செய்கிறான் என்பதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம் உட்காரும் வகுப்பு. பெண்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம், படிப்பிலும் முந்தி. தோஃபாரில் பலர் முகத்தை மறைத்து வருவார்கள். கண், குரல், கையெழுத்து, செருப்பு இவற்றைக் கொண்டு ஆளைத் தெரிந்துகொள்ளப் பெண்ணாசிரியைக்கு அதிக நாள் ஆகாது. ஆனால் ஆண்கள் எதிரில் பிழையாகப் பேசிவிடக் கூடாது என்று பெண்களும், பெண்கள் எதிரில் மட்டமாகத் தெரியக் கூடாது என்று ஆண்களும் வாயைத் திறக்காமல் இருப்பது பெரிய இடைஞ்சல். காதல் வசனத்தை உரக்க வாசிக்க யாரும் முன்வர மாட்டார்கள். யாரையும் நான் வற்புறுத்தியதில்லை. அத்தை மகனும் மாமா மகளும் ஒரே வகுப்பில் இருக்கும் ஊரில், வாசித்த வரி சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்த வரிகளை நானே வாசித்தேன். விவாதத்துக்கு வேறு வழி இருந்தது: வழக்கு. ஒரு கதாபாத்திரத்தைக் கூண்டில் ஏற்றி, ஒரு பக்கம் வாதி, மறுபக்கம் பிரதிவாதி என்று பிரித்துவிட்டால், பேச்சு கதாபாத்திரத்தின் மேல் போகும், பேசுபவர் மேல் போகாது. அப்போது வாய் மூடாது.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் அப்படி ஒரு வழக்கு வந்தது. 1813இல் வெளியான இந்த நாவலை இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு நடத்துவதைவிடத் தோஃபார் பிள்ளைகளுக்கு நடத்துவது எளிது என்பேன். பெண் பார்ப்பது, குடும்பத்தின் பெயர், மாப்பிள்ளை வீட்டு வருமானம், ஒரு மகள் ஓடிப்போனால் மற்ற மகள்களின் கதி, இதில் எதற்கும் அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. துருக்கித் தொடர்கள் அரபியில் வந்து வீடுகளைக் கட்டிப்போட்டிருந்த காலம் அது. நாவலின் நாயகன் டார்சியை அந்தத் தொடர்களின் கதாநாயகர்களோடு ஒப்பிட்டுப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

அவர்கள் முட்டி நின்ற இடம் சொத்து. திரு. பென்னட்டுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வருமானம் தரும் நிலம் இருக்கிறது. ஐந்து மகள்கள். மகன் இல்லை. அவர் கண்ணை மூடினால் நிலம் முழுவதும் காலின்ஸ் என்ற தூரத்து உறவினருக்குப் போய்விடும். இது எப்படி நியாயம் என்று வகுப்பு கொதித்தது. மலைப்பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பேனாவை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். ஃபராயித் என்ற வாரிசுரிமைக் கணக்கு அவளுக்கு அத்துப்படி. மொத்தத்தை 24 பங்காக்கினாள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3. மகன் இல்லாமல் இரண்டுக்கு மேல் மகள்கள் இருப்பதால் அவர்களுக்குச் சேர்த்து மூன்றில் இரண்டு, அதாவது 16. மீதி 5 ஆண்வழியில் நெருங்கிய உறவினருக்கு. "காலின்ஸுக்கும் உண்டு, தக்தூரா. ஐந்து பங்கு மட்டும்தான்" என்றாள். ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் எழுந்து, காலின்ஸ் ஆண்வழி உறவினர் என்றால் குடும்பப் பெயர் எப்படி வேறாக இருக்கிறது என்று கேட்டான். ஆஸ்டின் ஆய்வாளர்களும் எழுப்பியிருக்கும் கேள்வி அது. நாவலில் விடை கிடையாது.

அவள் அத்தோடு விடவில்லை. ஆண்டுக்கு 2,000 பவுண்டில் ஒவ்வொரு மகளுக்கும் ஏறக்குறைய 267 பவுண்டு வரும். நாவலின்படி இரண்டாம் மகள் எலிசபெத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டாள். பக்கத்தைத் தேடி எடுத்தோம். திருமணத்துக்குக் கேட்டு வரும் காலின்ஸே அதைச் சொல்லிக்காட்டுகிறார்: தாய் இறந்த பிறகு, நான்கு சதவீத வட்டியில் 1,000 பவுண்டு. ஆண்டுக்கு 40. பலகையில் 267, அதன் கீழே 40.

அந்த இரண்டு எண்களும் நாவலையே மாற்றிவிட்டன. அதுவரை திருமதி பென்னட் எல்லோருக்கும் கேலிப்பொருள். நரம்புத்தளர்ச்சி என்று புலம்பும், மாப்பிள்ளை பிடிக்க அலையும் அம்மா. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, அந்த வீட்டில் கணக்குப் பார்த்தவள் அவள் ஒருத்திதான் என்றாள். நூலகத்தில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திரு. பென்னட்டின் நகைச்சுவை அதற்குப் பிறகு அவர்களுக்கு ரசிக்கவில்லை. 40 பவுண்டுதான் என்று தெரிந்தும் காலின்ஸை வேண்டாம் என்ற எலிசபெத்தின் துணிவு அப்போதுதான் அவர்களுக்கு அளவோடு தெரிந்தது. அதே காலின்ஸை ஏற்றுக்கொண்ட அவள் தோழி ஷார்லட்டை வகுப்பில் ஒருவரும் குறை சொல்லவில்லை. வம்சப் பொருத்தம் பார்த்து வரன் தட்டிப்போகிற ஊர் அது. டார்சி தன் முதல் வேண்டுகோளில் எலிசபெத்தின் குடும்பத்தைத் தாழ்த்திப் பேசும் பகுதியை வாசித்தபோது சில பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எதுவும் கேட்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மார்க்கத்தை இழுப்பது பற்றிய புகாருக்கு என் பதில் இந்த 24 பங்குதான். ஆனால் இதில் இருக்கும் உண்மையான கஷ்டத்தை மறைக்க மாட்டேன். தீர்ப்பு சொன்னதும் கதை முடிந்துவிட்டது என்று நினைப்பது அது. மார்லோவின் நாடகத்தில் ஃபாஸ்டஸ் ஆன்மாவைச் சாத்தானுக்கு எழுதிக்கொடுத்தான், அது ஹராம், பாடம் முடிந்தது. அங்கேயே நின்றுவிடும் மாணவரை அடுத்த அடி எடுத்துவைக்கச் செய்வதுதான் ஆசிரியரின் வேலை. உயிர் தொண்டைக்குழிக்கு வரும்வரை மன்னிப்பின் கதவு திறந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் அந்த நாடகத்தில் யாரோ சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள், பிறகு ஏன் அவன் கேட்கவில்லை என்று நான் கேட்பேன். அதற்கு விடை சட்டத்தில் இல்லை. மார்லோவிடம் தேட வேண்டும். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில் வேறு சங்கடம். ஆதம் அவர்களுக்கு நபி. அவரை ஆடையின்றி வர்ணிக்கும் பகுதிகளை வகுப்பில் வாசிக்கவே கூசினார்கள், அதை மதித்தேன். ஆனால் ஏவாளை முதல் குற்றவாளியாக்கியதை அவர்கள் எதிர்த்தது அருமையான வாசிப்பு. குர்ஆனில் இருவரும் சேர்ந்தே தவறுகிறார்கள், பிறகு மில்டன் ஏன் அவளைத் தனியாகத் தோட்டத்துக்குள் அனுப்புகிறார் என்று கேட்டார்கள். அந்தப் பிரிவைத்தான் 9ஆம் காண்டம் அத்தனை வரிகளில் அங்குலம் அங்குலமாகச் சொல்கிறது.

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நடத்திய ஆண்டுகளில் ஒரு வகுப்பு எனக்கு மறக்காது. அரபு நாடக மேடைக்கு ஒதெல்லோ பழைய விருந்தாளி. லெபனானில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த கவிஞர் கலீல் முத்ரான் 1912இலேயே மொழிபெயர்த்துவிட்டார். சூடானிய எழுத்தாளர் தய்யிப் சாலிஹ் 1966இல் எழுதிய 'வடக்குக்கு இடம்பெயரும் பருவம்' நாவலும் ஒதெல்லோவோடு மல்லுக்கட்டுவதுதான். ஆனால் என் வகுப்பு அதை வழக்காகத்தான் எடுத்துக்கொண்டது. மூன்றாம் அங்கத்தில், தன் மனைவி டெஸ்டிமோனாவைக் கேசியோவோடு சேர்த்துப் பழி சொல்லும் இயாகோவிடம், கண்ணால் காணும் ஆதாரம் வேண்டும் என்று ஒதெல்லோ கேட்கும் இடத்துக்கு வந்தோம். ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"நான்கு சாட்சிகள் எங்கே?"

ஒரு பெண்ணின் நடத்தை மேல் பழி சொன்னால், நேரில் கண்ட நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் சொன்னவருக்கு எண்பது கசையடி, அவர் சாட்சியம் பிறகு எங்கும் செல்லாது. குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் இருப்பதை அவள் சொல்லிவிட்டு நாடகத்தின் சாட்சிகளை எண்ணினாள். கேசியோ தூக்கத்தில் உளறியதாகச் சொன்னது இயாகோ. கைக்குட்டையால் கேசியோ தாடியைத் துடைத்ததைப் பார்த்ததாகச் சொன்னதும் இயாகோ. வேறொரு பெண்ணைப் பற்றிக் கேசியோ சிரித்துப் பேசியதை ஒதெல்லோ தள்ளி நின்று பார்க்கும்படி ஏற்பாடு செய்ததும் இயாகோ. "ஒரே ஆள், தக்தூரா. கைக்குட்டை சாட்சி ஆகாது." இன்னொருத்தி தொடர்ந்தாள். சாட்சியில்லாமல் கணவனே மனைவி மேல் பழி சொன்னால், அவன் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவதாகத் தான் பொய்யனானால் தன்மேல் சாபம் என்று சொல்ல வேண்டும். அவளும் அதேபோல் மறுத்துச் சத்தியம் செய்தால் தண்டனை கிடையாது. இருவரும் பிரிவார்கள், அவ்வளவுதான். டெஸ்டிமோனா செத்திருக்க வேண்டியதில்லை.

ஆண்கள் பக்கம் அமைதி. பிறகு ஒருவன், சட்டம் அப்படித்தான் சொல்கிறது, வீடுகளில் அப்படியா நடக்கிறது என்றான். அது அந்த வகுப்பறையில் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டிய சொல். யாரும் அவனை மறுக்கவில்லை.

கடைசி வரிசையில் கிழக்கு ஆப்பிரிக்க வம்சாவளி மாணவன் ஒருவன் இருந்தான். ஓமானின் சுல்தான்கள் 19ஆம் நூற்றாண்டில் சான்சிபாரைத் தலைநகராக்கி ஆண்டவர்கள். இன்றைய ஓமானியர் பலரின் குடும்பங்களில் ஆப்பிரிக்கா இருக்கிறது. வணிகர்களாக வாழ்ந்து திரும்பியவர்களும் உண்டு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியும் உண்டு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1970இல்தான். ஓமானிய எழுத்தாளர் ஜோகா அல்ஹார்தி தன் நாவலில் அந்த வரலாற்றைத் தொட்டு எழுதி, அது 2019இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு பெற்றது பிறகு நடந்த கதை. நான் சொல்லும் வகுப்பில் நிறம் பற்றி யாரும் பேசியதில்லை. அந்த மாணவன் புத்தகத்தை முதல் காட்சிக்குத் திருப்பினான். இரவில் டெஸ்டிமோனாவின் தகப்பன் வீட்டு வாசலில் நின்று இயாகோ கூவும் பகுதி. ஒதெல்லோவை விலங்காக்கிப் பேசும் சொற்கள். "சாட்சி வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். கேட்டான் அல்லவா? ஆனால் இந்த ஊர்க்காரி உன்னை உண்மையில் விரும்பியிருக்க முடியாது என்று இயாகோ சொன்னதும் நம்பிவிட்டான். அதை அவனுக்கு ஏற்கெனவே எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறார்கள்" என்றான். உட்கார்ந்துவிட்டான்.

ஒதெல்லோவைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையான ஒன்றை நினைவுபடுத்த முடியவில்லை. நான்கு சாட்சிகள் என்ற கேள்வி எழாமல் இருந்திருந்தால் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான் என்பதும் எனக்கு உறுதி. சட்டம் எங்கே முடிகிறது என்று வகுப்பு தொட்டுப் பார்த்த பிறகுதான் மனிதன் தெரிந்தான்.

சலாலாவுக்குக் கிழக்கே, தாக்கா ஊரைத் தாண்டினால் கோர் ரோரி. கடல் உள்வாங்கிய கழிமுகத்தின் மேட்டில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரின் இடிபாடுகள் நிற்கின்றன. குந்திரிக்கம் ஏற்றுமதியான இடம். உலக மரபுச் சின்னப் பட்டியலில் 2000இல் சேர்ந்தது. வாசல் கல்லில் தென் அரேபியப் பழைய எழுத்தில், இந்த ஊரை எந்த அரசனுக்காகக் கட்டினோம் என்று பொறித்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த பானை ஓடு ஒன்றில் 'ணந்தை கீரன்' என்று தமிழி எழுத்தில் வாசிக்கப்பட்ட பெயர் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் ஒருவர் அங்கே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார் என்று மாணவர்களிடம் சொன்னதில் எனக்கு ஏற்பட்ட பெருமையை இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன்.

ஷெல்லியின் 'ஓசிமாண்டியாஸ்' கவிதையை அந்த இடிபாட்டில் வைத்து நடத்தினேன். 1818இல் வெளியான பதினான்கு வரி. பாலைவனத்தில் உடைந்த சிலை, பீடத்தில் அரசனின் வீம்பு. துமரைத் பக்கத்து மாணவன் ஒருவன் உடனே இரம் நகரைச் சொன்னான். தூண்களைக் கொண்ட அந்த நகரையும் ஆது கூட்டத்தையும் இறைவன் காற்றால் அழித்தான் என்று குர்ஆன் சொல்கிறது. துமரைத்துக்கு வடக்கே ஷிஸ்ரில் அகழ்ந்த இடிபாடுதான் அது என்று 1992இல் உலகச் செய்திகள் வந்தன. ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் கேள்வி வேறு. "ஷெல்லியின் அரசனை அழித்தது யார்? கவிதையில் அழித்தவன் பெயரே இல்லையே?" கடவுள் மறுப்புத் துண்டறிக்கைக்காக 1811இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஷெல்லி என்று சொன்னேன். அப்படியானால் இந்த இடிபாடு யாருக்கு என்ன சொல்கிறது என்று குழம்பினார்கள். பிறகு ஒருத்திதான் வழி காட்டினாள். இஸ்லாத்துக்கு முந்தைய நெடும்பாடல்கள் பலவும் இடிபாட்டில்தானே தொடங்குகின்றன, கூடாரம் பெயர்ந்துபோன இடத்தில் கவிஞன் தோழர்களை நிறுத்தி அழுகிறானே, அங்கேயும் தண்டித்தவன் பெயர் இல்லையே என்றாள். அப்படித் தொடங்கும் இம்ருல் கைஸின் கவிதையைப் பள்ளியிலேயே எல்லோரும் மனனம் செய்திருந்தார்கள். இருவர் மூவராகச் சேர்ந்து அதைச் சொல்லத் தொடங்கினார்கள். அங்கே காதலி போய்விட்டாள், இங்கே அரசன் போய்விட்டான்; அங்கே பார்ப்பவன் அழுகிறான், இங்கே யாரும் அழவில்லை என்று வித்தியாசத்தை அவர்களே பட்டியலிட்டார்கள். ஷெல்லியில் ஏன் கண்ணீர் இல்லை என்பதைப் பேசவே மீதி நேரம் போனது.

தேர்வு என்று வந்தால் நகல் கடைகளோடு போராட வேண்டும். வளாகத்துக்கு வெளியே ஒவ்வொரு பாடத்துக்கும் முலக்கஸ் என்ற சுருக்கக் குறிப்பு கிடைக்கும். எந்த ஆண்டு எந்த ஆசிரியர் கொடுத்ததோ, எழுத்துப்பிழையோடு அப்படியே விடைத்தாளில் வந்து இறங்கும். நினைவாற்றலைப் பழித்துப் பயனில்லை. கேள்வியை மாற்றினால் போதும். அவர்கள் பார்க்காத ஒரு கவிதையைக் கொடுத்து, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த, எந்த மொழியிலாவது உள்ள ஒரு பாட்டோடு இதை ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள், அந்தப் பாட்டை மூல மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்று கேட்கத் தொடங்கினேன்.

ஒரு தேர்வில் வேர்ட்ஸ்வொர்த்தின் 'தி சாலிடரி ரீப்பர்' கொடுத்தேன். ஸ்காட்லாந்து மலையில் தனியாகக் கதிர் அறுக்கும் பெண் தன் மொழியில் பாடுகிறாள். வழிப்போக்கரான கவிஞருக்கு அந்த மொழி தெரியாது. பழைய சண்டைகளின் துயரமோ, அன்றாட வாழ்வின் வருத்தமோ என்று ஊகித்துக்கொண்டே மலையேறிப் போகிறார். ஒரு மாணவி தன் பாட்டியின் ஜிப்பாலிப் பாட்டை அரபி எழுத்தில் நான்கு வரியாக எழுதியிருந்தாள். கீழே அவள் ஆங்கிலம், பிழைகளோடு, இப்படிப் போனது: மழைக்காலத்தில் எங்கள் மலைக்கும் வெளியாட்கள் நிறைய வருகிறார்கள். பாட்டி பாடுவதைக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொள்கிறார்கள். சோகமான பாட்டு என்கிறார்கள். அது கோபமான பாட்டு. தன்னைக் கேட்காமல் பசுவை விற்றுவிட்ட அண்ணனைத் திட்டும் பாட்டு. இந்தக் கவிஞரும் என்ன பாட்டு என்று எல்லோரையும் கேட்கிறார், அந்தப் பெண்ணை மட்டும் கேட்கவில்லை.

முழு மதிப்பெண் போட்டேன். ஜிப்பாலி வரிகளைச் சரிபார்க்க வழியில்லை என்று இரண்டாம் மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதினார். ஆங்கிலப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அந்த மதிப்பெண் தகும் என்று பதில் எழுதி அனுப்பினேன், மதிப்பெண் நின்றது. அடுத்த பருவத்திலிருந்து அந்தக் கவிதையை முதல் வாரத்துக்குக் கொண்டுவந்து, கூடவே ஒரு வேலையும் கொடுத்தேன். வீட்டிலோ மலையிலோ பாடுகிற பெரியவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, பாட்டு எதைப் பற்றியது என்று அவரையே கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.